தோளில் வெட்டிய பெயர்

பழைய ராஜா இறந்துபோனார். புதிய ராஜாவுக்குச் சிலை செய்ய நேரமில்லை. அதனால் பழையவரின் சிலைகளையே புதியவராக மாற்றிக்கொண்டிருந்தோம். நைல் நதிக்கரைக் கோயிலில் நான் சிற்பி.

வேலை எளிதுதான். மூக்கைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். காதுகளைச் சிறிதாக்க வேண்டும். தோளில் இருக்கும் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்திலேயே புதுப் பெயரை வெட்ட வேண்டும்.

"ஆழமா வெட்டுப்பா," என்பார் மேற்பார்வையாளர் ஹாபு. "அடுத்து வர்றவன் அழிக்கவே முடியக் கூடாது."

பழைய ராஜா பட்டத்துக்கு வந்த அன்று நான் பிறந்தேன். அவர் பெயரையே எனக்கும் வைத்திருந்தார்கள். கடைசிச் சிலையை முடித்ததும் ஹாபு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"எங்க ஐயா?"

"நீதான்."

"நான் சிலை இல்லையே, ஐயா."

"அந்தப் பேரு எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் எடுக்கணும்னுதான் உத்தரவு. சிலைன்னு தனியா சொல்லலை."

வீட்டுக்கு ஓடினேன். தெரு நீண்டுகொண்டே போனது. இருபுறமும் நான் செதுக்கிய முகங்கள். ஒன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை. என் மனைவி மெரித் கதவைத் திறந்தாள்.

"என் பேரு என்ன, சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். கல் தூள் உதிர்ந்தது.

"தொண்டையில என்னமோ தூசிங்க," என்றாள்.

"ஊரை விட்டே போயிடலாம்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ரொட்டியையும் வெங்காயத்தையும் துணியில் முடிந்துகொண்டாள். கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்தோம். அது கோயில் முற்றத்தில் திறந்தது. ஹாபு உளியோடு காத்திருந்தார்.

"நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க. வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிடலாம். இடது காலை முன்னால வை."

வைத்தேன். திரும்ப எடுக்க முடியவில்லை.

உளி தோளில் இறங்கியது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெயர் தூளாக உதிர்ந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட என் அம்மாவின் குரலும் கூடவே போயிற்று. பிறகு ஹாபு புதுப் பெயரை வெட்டினார். உள்ளே காற்று புகும் அளவுக்கு ஆழமாக வெட்டினார்.

மெரித் என் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் தலை என் முழங்கால்வரைதான் இருந்தது. ராஜா சிலையின் காலருகே ராணிகளை அந்த உயரத்தில்தான் செய்வோம். ஒருவரும் குறை சொன்னதில்லை.

"விடும்மா. கை ஒட்டிக்கும்," என்றார் ஹாபு.

"ஒட்டட்டும்."

ஜனங்கள் பூவோடு வரத் தொடங்கியிருந்தார்கள். ஹாபு ஏணி போட்டு என் முகத்துக்கு ஏறினார்.

கீழிருந்து மெரித் கேட்டாள். "என்னங்க, எனக்கும் பேரை மாத்துவாங்களா? மாத்தினாலும் உங்களுக்கு என்னைத் தெரியும்ல?"

தெரியும் என்று சொல்ல நினைத்தேன். ஹாபு என் வாயிலிருந்துதான் செதுக்க ஆரம்பித்திருந்தார். புதிய ராஜாவின் உதடுகள் லேசாகச் சிரித்தன. ஜனங்கள் விழுந்து கும்பிட்டார்கள்.