கலக்காத குப்பி

மாதம் பிறந்ததும் குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணை மாறப்போகிறது என்று சுகாதாரத் துறை அறிவித்ததிலிருந்து, அந்தக் கிளினிக்கில் நர்ஸ் சொன்னதுதான் சட்டம். டாக்டருக்கும் அதில் வருத்தமில்லை. சுற்றறிக்கையைப் படிப்பதைவிட நர்ஸைக் கேட்பது சுலபம் என்று வெளிப்படையாகவே சொல்வார். பயிற்சி வீடியோவைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தார்கள். டாக்டர் பாதியில் கண்ணயர்ந்தார். வாய் ஓயாததால் வானொலி என்று பெயர் வாங்கிய வரவேற்பு மேசைப் பெண், வீடியோவில் பேசியவளின் தோடு நன்றாக இருக்கிறது என்றாள். நர்ஸ் மட்டும் கண்கொட்டாமல் பார்த்தாள்.

மாற்றம் பெரிதில்லை, ஆனால் வம்பு பிடித்தது. தட்டம்மைக்கான இரண்டாவது ஊசியைப் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை தள்ளிப்போட்டது போய், இனி ஒன்றரை வயதிலேயே போட வேண்டும். சின்னம்மை மருந்தும் அதிலேயே சேர்ந்து வருகிறது. இதுவரை அந்த வயதுக்குப் போட்டது வேறொரு ஊசி. அது சிரிஞ்சில் தயாராக நிரப்பி வரும். மூடியைக் கழற்றி, ஊசியைப் பொருத்திக் குத்தினால் முடிந்தது. புதியது இரண்டு துண்டு. குப்பியில் பொடி, சிரிஞ்சில் தண்ணீர். தண்ணீரைக் குப்பிக்குள் செலுத்தி, பொடி கரையும்வரை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, திரும்ப இழுத்துப் போட வேண்டும்.

நர்ஸ் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பழைய மருந்தை ஒதுக்கினாள். எந்தக் குழந்தைக்குப் பழைய கணக்கு, எந்தக் குழந்தைக்குப் புதியது என்று வானொலிக்கு மண்டையில் ஏறும்வரை சொல்லிக் கொடுத்தாள். முதல் நாளுக்கு முந்தின மதியம் புதிய மருந்து வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் கொழுத்த அட்டைப்பெட்டி. எல்லாவற்றையும் திணித்தால் ஃபிரிட்ஜுக்குள் காற்று ஓடாது, மருந்து கெட்டுவிடும். அதனால் பெட்டிகளைப் பிரித்துப்போட்டு, சிரிஞ்சுகளை ஒரு கூடையிலும் குப்பிகளை இன்னொரு கூடையிலும் அடுக்கினாள்.

வானொலி எட்டிப் பார்த்தாள். "என்ன சிஸ்டர், ஜோடி ஜோடியா வந்தத இப்படிப் பிரிச்சு வைக்கிறீங்க? பாவம் இல்லையா?"

"உள்ள எடம் இல்லடி. ஒண்ணா இருந்து என்னத்தக் கண்டுச்சுங்க, சண்டதான் போடும்."

மறுநாள் முதல் குழந்தை அவளுடைய தம்பி மகள்.

அந்தக் குழந்தையைக் கிளினிக் வாசல்வரை கொண்டுவர நர்ஸ் பட்ட பாடு கொஞ்சமில்லை. போன ஊசிக்குத் தொடை கல்லாக வீங்கி, குழந்தை ராத்திரி முழுக்க அழுதிருக்கிறது. அன்றைக்கே இனி ஊசியே வேண்டாம் என்று தம்பி மனைவி சொல்லிவிட்டாள். தம்பி இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவன். அக்கா வந்தால் அக்கா சொல்வது சரி, மனைவி முறைத்தால் மனைவி சொல்வது சரி. கடைசியில், "வேற யாரும் தொட மாட்டாங்க. நானே என் கையால போடறேன். என்ன நம்பி வா," என்று சொன்ன பிறகுதான் தம்பி மனைவி இறங்கி வந்தாள்.

வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "அண்ணி, மொதல்லயே சொல்லிட்டேன். புது மருந்துங்கறீங்க. எம்பொண்ண வச்சா சோதிச்சுப் பாக்கறீங்க?"

"மருந்து புதுசில்லம்மா. அட்டவணைதான் புதுசு. குழந்தைய இறுக்கிப் பிடி. காலு ஆடக்கூடாது."

"ஆடாம எப்படி இருக்கும்? உங்க தம்பி மாதிரியே, ஒரு எடத்துல நிக்காது."

"அவன் எங்க நின்னான்? அவனுக்கு ஊசி போடறப்ப நாங்க நாலு பேர் மேல உக்காந்தோம்."

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கலைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நர்ஸின் கை பறந்தது. சிரிஞ்சை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், ஊசியைப் பொருத்தினாள், போட்டாள். குழந்தை வீறிட்டது. அவ்வளவுதான்.

அடுத்த குழந்தையிலிருந்து வானொலி உள்ளே வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். நர்ஸ் குப்பியை உருட்டுவதைப் பார்த்து, தாயம் விளையாடுறீங்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் தானே சிரித்துக்கொண்டாள்.

மதியம் தம்பி மனைவி போன் செய்தாள். "சொன்னேன்ல அண்ணி? உடம்பு கொதிக்குது. சாப்பாடு எறங்கல. கண்ணே சொருகுது. என்னத்தப் போட்டீங்க?"

"லேசா காய்ச்சல் வரும்மா. மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம். பயப்படாத."

போனை வைத்த பிறகுதான் இடித்தது. இந்த மருந்துக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் போல கழித்து வரும், அன்றைக்கே வராது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் வருஷக்கணக்கில் எல்லாத் தாய்மாருக்கும் சொன்ன பதில் வாயில் தயாராக இருந்தது. வந்துவிட்டது.

சாயங்காலம் ஃபிரிட்ஜைத் துடைத்து அடுக்கும்போது, சிரிஞ்சையும் குப்பியையும் மறுபடி ஜோடி சேர்த்துப் பார்த்தாள். ஒரு குப்பி மிஞ்சியது. திரும்பச் சேர்த்தாள். அதே குப்பி. அடியில் வெள்ளைப் பொடி கட்டியாக உட்கார்ந்திருந்தது.

யாருக்கு என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் உருட்டியதற்கு வானொலியின் தாயமே சாட்சி. முதல் குழந்தைக்குத் தண்ணீர் மட்டும் போயிருக்கிறது.

டாக்டர் அறைக்குப் போய்க் குப்பியை மேசைமேல் வைத்துச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தண்ணிதானே சிஸ்டர். ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாது சார். அதான் பிரச்சன. அம்மை வந்தா தடுக்கவும் செய்யாது."

"சரி, திரும்பக் கூப்பிட்டுப் போட்டுடுங்க. புது அட்டவணையில இன்னொரு டோஸ் இருக்குன்னு சொன்னாப் போச்சு. எல்லாமே மாறிக் கெடக்கு, எவன் கேக்கப்போறான்?"

அவர் கெட்டவர் இல்லை. தொல்லை பிடிக்காதவர். அவர் சொன்னதில் நியாயம்கூட இருந்தது. உண்மையைச் சொன்னால் தம்பி மனைவி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். குழந்தைக்கு ஊசியே இல்லாமல் போகும். பொய் சொன்னால் முனகிக்கொண்டே ஒருமுறை வருவாள், காரியம் முடியும். நர்ஸ் அதை நன்றாகவே யோசித்தாள். பிறகு சுகாதாரத் துறைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் இருந்தவர் கொட்டாவி விட்டபடி, திரும்பப் போடுங்கள் என்றார். இன்றைக்கு இப்படிப் பேசும் முதல் ஆள் நீங்கள் இல்லை என்றும் சொன்னார். அதில் அவளுக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் எல்லாக் குப்பியையும் அதனதன் சிரிஞ்சோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டாள். நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பி சோபாவில் கிடந்தான். குழந்தை அவன் வயிற்றின்மேல் தூங்கியது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சாதாரணச் சளிக் காய்ச்சல், பார்த்ததும் தெரிந்தது. நர்ஸ் உட்காராமலே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

தம்பிதான் முதலில் வாய் திறந்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ வெறும் தண்ணிக்கா இவ காலையிலேர்ந்து என்ன வறுத்தெடுத்தா? கண்ணு சொருகுது, உடம்பு கொதிக்குது, விஷத்த ஏத்திட்டாங்கன்னு! அக்கா, நீ ஜெயிச்சுட்டக்கா!"

தம்பி மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு நர்ஸைப் பார்த்துக் கேட்டாள். "நான் கத்துனது முட்டாள்தனம்னே வச்சுக்குங்க. மருந்து வேல செய்யுதுன்னு சொன்னீங்களே அண்ணி. எந்த மருந்து?"

தம்பியின் சிரிப்பு நின்றது.

"நீங்களா வந்து சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னொரு டோஸ்னு சொல்லிக் கூப்பிடச் சொன்னாரு."

"ரொம்ப நல்லாருக்கு உங்க கிளினிக்கு," என்றாள் தம்பி மனைவி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தினாள். அதுதான் நர்ஸுக்குப் பயமாக இருந்தது.

"நான் பேசிப் பாக்கறேன்க்கா," என்றான் தம்பி.

"நீ பேசாம இருந்தாலே போதும்டா. அம்மை வீடு தேடி வரும், அவ கோவம் தீரட்டும்னு அது காத்திருக்காது. இத மட்டும் சொல்லு. காய்ச்சல் விட்டதும் போடலாம்."

அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. நர்ஸ் போன் செய்யவில்லை. கெஞ்சுவதற்கும் கெடுபிடி செய்வதற்கும் அவளுக்கு இனி முகம் இல்லை. மற்ற குழந்தைகள் வந்தார்கள், போட்டாள். கதவு திறக்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்தினாள். டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் கதவைப் பார்த்ததை அவள் கவனித்தாள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள், கூட்டம் நெரியும் நேரத்தில், தம்பி மனைவி குழந்தையோடு வந்து நின்றாள். நர்ஸைத் தாண்டி டாக்டரைப் பார்த்துப் பேசினாள்.

"போட்டுக்கறோம். ஆனா அண்ணி போட வேண்டாம். நீங்க போடுங்க."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் குழந்தைக்கு ஊசி போட்டுப் பல வருஷமாகிறது. "சிஸ்டருக்குத்தாம்மா கை லேசு."

"தெரியும். போன தடவ ரொம்ப லேசாப் போச்சு."

டாக்டர் சட்டைக் கையை மடித்தார். நர்ஸ் ரப்பர் பேண்டைக் கழற்றி ஜோடியைத் தட்டில் வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றாள். அவர் தண்ணீரைக் குப்பிக்குள் தள்ளி உருட்ட ஆரம்பித்தார். தம்பி மனைவி அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கரையல."

"கரைஞ்சிடுச்சும்மா."

"ஓரத்துல நிக்குது பாருங்க."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் உருட்டுங்க சார்," என்றாள் நர்ஸ். அவர் உருட்டினார். தம்பி மனைவி தலையசைத்த பிறகே ஊசி ஏறியது. குழந்தை கத்தியதில் வெளியே இருந்த குழந்தைகளும் அழத் தொடங்கின. டாக்டரின் நெற்றியில் வியர்த்திருந்தது. தம்பி மனைவி நர்ஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசிக்குப் பிறகு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போக வேண்டும் என்பதால், குழந்தையோடு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

வானொலி பதறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். "சிஸ்டர், வெளிய ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க! பொடி கலக்கறத கண்ணால பாத்துட்டுதான் போட்டுக்கணுமாம். எங்க அண்ணியே தப்பு பண்ணிட்டாங்கன்னு வேற சொல்றாங்க. போய் நிறுத்தவா?"

"எதுக்கு நிறுத்தற? உன் வேலையத்தான் அவ பாக்கறா. நீ ஒரு நாள் வாய மூடிட்டு உக்காரு. அடுத்த குழந்தைய அனுப்பு."

அடுத்து வந்த தாய் தயங்கித் தயங்கி, குழந்தையை மடியில் வைத்தபடியே கழுத்தை நீட்டினாள். கேட்கலாமா வேண்டாமா என்று மென்று விழுங்குவது தெரிந்தது. நர்ஸ் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"கிட்ட வந்து உக்காருங்க," என்றாள். "அங்கேர்ந்து தெரியாது."