ஏழு டிகிரி

என் வலது குதிகாலில் ஒன்றரை வருடமாக வலி. என் தொழிலோ முடிவெட்டுவது. காலையில் கத்திரியை எடுத்தால் கடை சாத்தும்வரை நாற்காலியைச் சுற்றி நின்றாக வேண்டும். உட்காருவது வாடிக்கையாளர் பாடு, நிற்பது என் பாடு.

வலி என்று வாயைத் திறந்ததுதான் தப்பு. கழுத்தில் துணி கட்டி உட்காரவைத்த ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஐஸ் வை, சுடுதண்ணீரில் வை, நட, நடக்காதே. எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். என் மச்சானைப் போல வலியும் வந்த இடத்தை விட்டு நகர்வதாக இல்லை.

இரண்டு ஊசிக்கும் அடங்காததால், "ஆபரேஷன் பண்ணிடலாம். ஆறு வாரம் நிக்கக் கூடாது. யோசிச்சு வெள்ளிக்கிழமை சொல்லுங்க" என்றார் எலும்பு டாக்டர்.

ஆறு வாரம்! எதிர்வரிசையில் ஒருத்தன் புதிதாகக் கண்ணாடிக்கதவு போட்ட சலூன் திறந்திருக்கிறான். ஏ.சி., பாட்டு, மசாஜ் வேறு. ஒருமுறை அந்தப் படி ஏறியவன் என் பக்கம் திரும்புவானா? இருபத்திரண்டு வருடத் தொழில் போய்விடுமே!

"வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றேன் மனைவியிடம்.

"தாராளமா சொல்லுங்க. காலையில எந்திரிச்சதும் செவுத்தைப் பிடிச்சிட்டு நண்டு மாதிரி போறீங்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஓடுவதற்கு வசதி, ஓட முடிந்தால். முன்னால் ஐந்தாறு பேரின் பிடரிகள். தொழில் புத்தி எங்கே போகும்? ஒரு பிடரியில் முடி இடப்பக்கம் இறங்கியும் வலப்பக்கம் ஏறியும் சரிந்து நின்றது.

"எவன் இது, கண்ணை மூடிக்கிட்டு வெட்டினவன்?" என்று மனைவியின் காதில் சொன்னேன். எதிர்க்கடைக்காரன் கைவரிசையாகத்தான் இருக்கும் என்று உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பக்கத்துப் பிடரியிலும் அதே சரிவு. அப்போது முதல் ஆள் திரும்பினார். கணக்கு வாத்தியார். பக்கத்தில் பேக்கரிக்காரர். இருவருக்கும் அந்த வாரம் வெட்டியது சாட்சாத் நான்தான்.

வலதுகாலை ஊன்ற முடியாமல் இடதுகாலில் சாய்ந்து நின்றே வெட்டியிருக்கிறேன். வெட்டி முடித்துப் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டும்போதும் அதே சாய்வில்தான் நின்றிருக்கிறேன். கோணல் எப்படிக் கண்ணில் படும்?

"சார், இது எத்தனை நாளா?"

வாத்தியார் பிடரியைத் தடவினார். "ஆறேழு மாசம் இருக்கும். மொதல்ல மூணு டிகிரிதான். இப்ப ஏழு."

"அளந்தே பாத்தீங்களா?"

"நான் போர்டுப் பக்கம் திரும்பினப்ப பசங்க அளந்துட்டாங்க."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மானம் போயிற்று. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"

"சொன்னா, சரி பண்றேன்னு இன்னும் கால் மணி நேரம் நிப்பீங்க. நீங்க பல்லைக் கடிச்சிட்டு நிக்கறது முன்னாடி இருக்கற கண்ணாடியில தெரியாதா? அதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சிடறோம்."

பேக்கரிக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். என் கைத்திறமைக்காக வருகிறார்கள் என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்தேனே!

"ஆறு வாரம் கடை சாத்தணும் சார். எதிர்க்கடைக்குத்தான் போவீங்க, இல்ல?"

"எதுக்கு? வளரட்டும்" என்றார் வாத்தியார். பேக்கரிக்காரர், "நான் தொப்பி போட்டுக்கறேன், விடுங்க" என்றார்.

என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். நொண்டிக்கொண்டே உள்ளே போய், டாக்டர் வாயைத் திறக்குமுன் கேட்டேன்.

"இன்னிக்கே படுத்துக்கட்டுமா டாக்டர்?"