தட்டினால் கேட்காத சுவர்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, அடுத்த நடை எடுப்பதற்குள் ஒரு நகரப் பேருந்தின் ஓட்டுநர் சொன்னது. முன் இருக்கையில் வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா காட்டுல ஆரம்பிக்காதீங்க," என்றாள். "எங்க ஜனங்களப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க. நான் பொறந்ததே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி."

வீட்டுக்கு வந்து நான் எழுதிய முதல் வாக்கியம்:

மரங்கள் அடர்ந்த மலைச்சரிவில், முன்னொரு காலத்தில்

(அடித்துவிட்டேன். சொல்லியும் கை அங்கேதான் போகிறது. இதைப் படித்தால் சிரிப்பாளா, முறைப்பாளா என்ற பயத்தோடுதான் மிச்சத்தை எழுதுகிறேன்.)

2

மறுபடியும்.

அவளுடைய மக்கள் அந்த மண்ணின் முதல் குடிகள். ஊர் அவர்கள் மேல் ஏறி உட்கார்ந்த பிறகு, வாடகைக்குக்கூட யாரும் இடம் தரவில்லை. பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில், சாக்குப் படுதாக்களைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள். ஒருவர் இருமினால் அத்தனை பேருக்கும் தூக்கம் போச்சு. புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்து பேச, நாலு படுதா தள்ளியிருந்து ஆள் வரும்.

ஓட்டுநர் அங்கேதான் வளர்ந்தாள். ஆட்களைத் திரட்டிச் சங்கம் ஆரம்பித்தாள். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, பறிபோன நிலத்தில் ஒரு துண்டை மீட்டார்கள். வீடுகள் சங்கத்துக்குச் சொந்தம்; வாடகை கட்டுப்படியாகும்; யாரும் விற்க முடியாது. வரைபடத்தோடு வந்த பொறியாளரிடம் அவள் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்.

"சுவரு கெட்டியா இருக்கணும் சார். பக்கத்து வீட்டுக் கொட்டாவி எனக்குக் கேக்கக் கூடாது."

அப்படியே கட்டிக் கொடுத்தார். குடிபோன அன்று வெறுந்தரையில் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாளாம். ஒன்றுமே கேட்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாளாம்.

3

(அவளை நான் தியாகியாக்கிவிடுகிறேனோ என்று உறுத்துகிறது. அவளுக்கு வாய் நீளம். சங்கக் கூட்டத்தில் மற்றவர்களைப் பேச விடமாட்டாள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

பக்கத்து வீடு அவளுடைய சித்திக்குக் கிடைத்தது. ஒரு சாயங்காலம் சித்தி அடுப்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போய்விட்டது. கைக்கு அகப்பட்ட கரண்டியால் சுவரில் தட்டினாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஓட்டுநர் சாப்பிட்டாள், பாட்டுக் கேட்டாள், அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள், விடிவதற்குள் வண்டி எடுக்கப் போனாள். மறுநாள் மதியம் திரும்பியபோதுதான், சித்தி வீட்டு வாசல் விளக்கு வெயிலில் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"தட்டினேன்டி," என்றாள் சித்தி, நாக்கு வறண்டு.* "அப்புறம், அலுத்துப்போய் வந்திருப்ப, தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

அப்போது ஓட்டுநரின் முகம்

(வரவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது அவள் கண்ணாடியில் காலி இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.)

* அவர்கள் வீட்டுக்குள் பேசுவது வேறு மொழி. எனக்காக மாற்றிச் சொன்னாள். வழியில் எது உதிர்ந்தது என்று தெரியவில்லை.

4

சித்தி ஆஸ்பத்திரியில் கிடக்க, இவளுக்கு நிம்மதி போயிற்று. எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதன் பின்னால் யாரோ விழுந்து கிடப்பதுபோல இருந்தது. தீப்பெட்டி கேட்கும் சாக்கில் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள்.

"என்னக்கா, வேவு பாக்குறியா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

வண்டி ஓட்டும்போதும் தட்டும் சத்தம் கேட்டது. நடுச்சாலையில் ஓரங்கட்டி, இறங்கி டயரைப் பார்த்தாள். டயரில் ஒன்றுமில்லை.

சித்தியின் மகள் வெளியூரிலிருந்து வந்து, அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னாள். சித்தி மறுத்துவிட்டாள். "எங்க மண்ணுல இப்பத்தான் ஒரு வீடு கெடைச்சிருக்கு. இத விட்டுட்டு உன் மாடியில வந்து உக்காரவா?"

ஆனால் கவனிக்க ஆள் இல்லாமல் தனியாக விட முடியாது என்றார் டாக்டர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு வைத்துவிடலாம் என்று ஓட்டுநருக்குத் தோன்றியது. குறுக்கே நின்றது சங்கத்தின் விதி: சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது. அவளே போட்ட விதி. இனிமேல் கட்டவிருந்த அடுத்த வரிசை வீடுகளுக்கு அனுமதி கொடுக்கச் சோதனைக்கு வருகிறவர்கள், உடைத்த சுவரைப் பார்த்தால் கையை விரித்துவிடலாம்.

சங்கக் கூட்டத்தில் வெல்டர் ஒருவர் எழுந்தார். அவர் குடும்பம் இன்னும் கிடங்கில்தான் இருந்தது.

"உங்க சித்திக்காக எங்க வீட்டப் பணயம் வைக்கிறீங்களாக்கா?"

ஓட்டுநர் உட்கார்ந்துவிட்டாள். பிறகு வெல்டரின் மனைவிதான் சொன்னாள்:

"திருட்டுத்தனமா ஒடைச்சாத்தானே வம்பு? வயசானவங்க இருக்கிற எல்லா வீட்டுக்கும் கதவு வேணும்னு கேப்போம். புது வீட்டு வரைபடத்துலயே போடச் சொல்வோம். எல்லாரும் போவோம்."

எல்லாரும் போனார்கள். பொறியாளரின் அறையில் உட்கார நாற்காலி போதவில்லை, நின்றுகொண்டே மல்லுக்கட்டினார்கள். மேலே விட்டம் வைத்துத் திறந்தால் சுவர் தாங்கும் என்று கடைசியில் அவர் ஒத்துக்கொண்டு, வரைபடத்திலும் கதவைச் சேர்த்தார். முதல் கதவு சித்தி வீட்டில்.

5

சுவர் திறந்தது, வெளிச்சம் பாய்ந்தது, இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. நடந்தது அதுவல்ல. விட்டம் இறங்கிச் சுவர் சரிவதாக இன்னொன்று. அது என் பயம், கதையில்லை.

நடந்தது இது. ஓட்டுநரின் தம்பி கொத்தனார். அவனே திறப்பு எடுத்து, நிலை வைத்து, கதவையும் மாட்டினான். சித்தி நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள். கதவை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாழ்ப்பாள் எங்கடா?"

"எந்தப் பக்கம் சித்தி போட?"

"என் பக்கம்."

"நீ தாழ் போட்டுட்டு விழுந்து கெடந்தா நான் எப்படி வர்றது?" என்று கத்தினாள் ஓட்டுநர்.

"உன் பக்கம் இருந்தா நெனச்ச நேரத்துக்கு வந்து என் சட்டிய எட்டிப் பாப்ப. கிடங்குல எனக்கும்தான்டி படுதா. எனக்கும்தான் ஒரு சுவரு வேணும்னு இருந்துச்சு. என்னய யாரு கேட்டீங்க?"

"ரெண்டு பக்கமும் போட்டுடவா?" என்றான் தம்பி.

"அதுக்குச் சுவரே இருந்திருக்கலாமே!" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

"அப்ப தாழ்ப்பாளே வேணாமா?"



இங்கே பேருந்தில் பயணிகள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பினாள். "அப்புறம் எந்தப் பக்கம்தான் போட்டீங்க?" என்றேன்.

"இன்னும் போடல. எழுதுறவரு நீங்க, நீங்களே சொல்லுங்களேன்."

சித்தி பக்கம் என்று எழுதினால் அவள் மறுபடி விழுகிறாள். ஓட்டுநர் பக்கம் என்று எழுதினால் சித்தி மறுபடி படுதாவுக்குள் போகிறாள். எனக்குத் தைரியமில்லை. தம்பி திருப்புளியோடு நிற்கிறான்; அடுத்த வரிசையில் அவனுக்கு வேலை கிடக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.