படுத்துப் பார்த்து வாங்கலாம்

1

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது யாதெனில், வணிக வரலாறு இனி இந்தக் கதைக்கு முன், இந்தக் கதைக்குப் பின் என்று இரண்டாகப் பிரியும்.

நடந்தது இவ்வளவுதான்: மழைக்கு ஒரு மெத்தைக் கடையில் ஒதுங்கினேன். சுற்றிலும் கட்டில்கள். கடைக்காரர் மட்டும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். கதை கிடைத்துவிட்டது.

2

ஐம்பது வயதில் வேலையை உதறிய ஒருவர், வாழ்வின் பொருளைத் தேடி—

(வேண்டாம். வேலையை விட்டவர் முதல் வாரத்தில் தேடுவது மூக்குக்கண்ணாடியைத்தான்.)

நம்மவர் கணக்கர். பிடிக்காத வேலையிலேயே தலை நரைத்தவர். அடுத்த தொழிலாவது கடைசிவரை அலுக்கக் கூடாது என்பது ஒன்றே அவர் ஆசை. மேடை மேடையாக வெற்றியைப் பற்றிப் பேசும் மைத்துனன் வழி சொன்னான்: "மச்சான், உங்களுக்கு எது உயிரோ அதையே தொழிலாக்குங்க."

கணக்கருக்கு உயிர், தூக்கம். ஆகவே மெத்தைக் கடை. முச்சந்தியில் இடமும் பார்த்தாயிற்று. இன்று மாலை ஐந்துக்குள் சரி என்று சொல்லாவிட்டால் கை நழுவிவிடும்.

3

மனைவி டீச்சர். பள்ளி ஆண்டுவிழா நாடகங்களை மேய்த்தவர். ஒத்திகை பார்க்காமல் எதையும் மேடையேற்ற விடமாட்டார். மதியம் மெத்தையைக் கூடத்தில் இழுத்துப் போட்டார். கைப்பையோடு வெளியே போய், மணியடித்து வாடிக்கையாளராக உள்ளே வந்தார்.

"படுத்துப் பாக்கலாமா?"

"தாராளமா, மேடம்."

டீச்சர் படுத்தார். கணக்கர் நின்றார். டீச்சர் புரண்டார். கணக்கர் நின்றார்.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"கஸ்டமரை விரட்டுறீங்க! நல்லா வியாபாரம் பண்ணுவீங்க, போங்க."

"அப்போ ஊரெல்லாம் வந்து படுக்கும், நான் காவல் நிக்கணுமா?"

"பின்னே? கூடவே படுக்கவா முடியும்?"

கணக்கரின் முகம் காற்றுப் போன பலூனாயிற்று.

4

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "சரி, நீங்க கஸ்டமர், நான் கடை" என்று எழுந்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டார்.

"சாருக்கு எங்க வலி?"

"கழுத்துல."

"ரெண்டு தலையணை வச்சா வலிக்காம? ஒண்ணை இப்படிக் குடுங்க."

"விலை ஜாஸ்தியா இருக்கே."

"தரையில படுங்க. தரை ஓசி."

கணக்கர் வாய்விட்டுச் சிரித்தார். அலுவலகத்தில் அவர் சிரித்ததாக யாரும் சொன்னதில்லை. அடுத்து, பெண்ணுக்குக் கல்யாணச் சீர் வாங்கும் பணக்காரராக வந்தார். பிறகு, வாங்கிய மெத்தை கீச்சிடுகிறது என்று சண்டைக்காரராக வந்தார். பிறகு திருடனாக. மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் அதன்மேலேயே விழுந்தார். டீச்சருக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு.

"என்னங்க, இன்னொரு தடவை வாங்க!"

தொழில் என்பது எதை விற்கிறோம் என்பதல்ல, யாரோடு சேர்ந்து—

(அடித்துவிட்டேன். மைத்துனன் கைதட்டல் வாங்குகிற வாக்கியம்.)

5

முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். டீச்சர் கல்லாவில் உட்கார, கணக்கர் மாதிரிக்குப் படுத்துக் காட்டும் ஊழியராகலாம். அல்லது நாற்காலிக் கடை வைத்து இருவருமே உட்காரலாம். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், எதுவானாலும் அவர்களுக்கு அலுக்காது.

மணி ஆறாகிவிட்டது. இடத்தை ஒரு பல் மருத்துவர் எடுத்துக்கொண்டார்.