ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒரு சாவு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை மறைத்து, ஏதோ உள்ளொளியில் எழுதினேன் என்று சொல்லப்போவதில்லை.

என் அண்ணி ஒரு இசைக்குழுவில் பதினொரு வருடமாக பேஸ் கிடார் வாசிக்கிறார். குழு பதிவுசெய்யப்போகும் புதிய பாட்டின் கடைசிச் சுரத்தை எட்டு விநாடி நீட்டவேண்டும். மெல்லிய கம்பி, ஐந்தாவது ஃப்ரெட். (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்.) அண்ணி மீட்டினால் மூன்றாவது விநாடியில் சுரம் செத்துப்போகிறது. பக்கத்துச் சுரங்களோ பத்து விநாடி சட்டமாக நிற்கின்றன. கம்பி புதிது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் சரி. விரலும் சரி. காரணம் அண்ணிக்கும் புரியவில்லை, ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் எனக்கும் புரியவில்லை.

குழுத் தலைவருக்கு மட்டும் உடனே புரிந்தது. தன் செவியைப் பற்றி அவரே பேசிப் பேசி வாங்கிக்கொண்ட பட்டப்பெயர், தங்கக்காது.

"பேஸ் மட்டம்மா. என் மச்சான்கிட்ட அருமையான பேஸ் இருக்கு. பதிவுக்கு அவனே வாசிக்கட்டும்."

பதிவுக்கு என்றால் அதற்குப் பிறகும்தான். அண்ணியின் இடம் போய்விடும்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"மழை ஓய்ந்த ஒரு மாலையில் நான்கு பேஸ் கிடார்கள்..." மழையே பெய்யவில்லை. நடந்தது காலை பதினொரு மணிக்கு.

"மரத்துக்கும் ஓர் ஆன்மா உண்டு, அது கம்பியின் வழியே..." இது தங்கக்காது எழுதவேண்டிய வாக்கியம். அவருக்கே இருக்கட்டும்.

"மின் பேஸில் ஒலியை எடுப்பது மரமல்ல, கம்பிக்கு அடியிலுள்ள காந்தச்சுருள். உலோகக் கம்பி துடிக்கும்போது சுருளில் மின்சாரம் எழுகிறது, அதைத்தான் ஆம்ப் பெரிதாக்குகிறது." யாரும் கதையை இப்படித் தொடங்கமாட்டார்கள். ஆனால் எனக்கு இது பிடித்திருக்கிறது, அடிக்க மனம் வரவில்லை. மரத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஐந்தாம் பகுதியில் வரும். தங்கக்காது நினைக்கிற வேலை அல்ல அது.

3

ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். அண்ணியின் பேஸ், மச்சான் வந்து இறக்கிய அவன் பேஸ், என் கூடத்தில் கிடக்கும் இரண்டு. நான்கிலும் ஒரே வகைக் கம்பி, ஒரே ஆம்ப், ஒரே கை. கை அண்ணியுடையது. நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டேன். தங்கக்காது சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். [கண்ணை மூடுமுன் எது எந்த பேஸ் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இதை நான் கற்பனை செய்யவில்லை.]

முதலில் அண்ணியின் பேஸ். மூன்று விநாடி.

"செத்துப்போச்சு. நான் சொன்னேன்ல?"

என்னுடைய இரண்டில் ஒன்று அதே இடத்தில் செத்தது. மற்றது ஐந்தில் பிழைத்து ஆறாவது ஃப்ரெட்டில் செத்தது. இரண்டுக்கும் சேர்த்து "பிளாஸ்டிக் வாளி" என்று ஒரே தீர்ப்பு.

கடைசியாக மச்சானின் பேஸ். மூன்றரை விநாடி.

தங்கக்காதின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? மூச்சு விடுது."

"மூணரை செகண்டுதாங்க," என்றேன்.

"கடிகாரத்துல சங்கீதம் தேடாதப்பா. காதுல தேடு."

"என் பேஸ்ல அடங்கினா சாவு, உங்க மச்சான் பேஸ்ல அடங்கினா மூச்சா?" என்றார் அண்ணி.

தங்கக்காது போனில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்து வெளியே போனார். போன் ஒலித்ததாக எனக்கு நினைவில்லை.

4

இந்த இடத்தில் மச்சான் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவன் கறுப்புக் கண்ணாடி போட்ட அலட்டல்காரன். கதைக்கு வசதி. ஆனால் அக்கா புருஷன் கதவைத் தாண்டியதும் அவன் சொன்னது இது:

"அக்கா, என்னோடதும் அங்கதான் சாகும். வாங்கின நாள்லேர்ந்தே. நான் அந்த நோட்ட நீட்டவே மாட்டேன், சட்டுனு அடுத்ததுக்குத் தாவிடுவேன்."

"உங்க மாமாவுக்குத் தெரியாதா?"

"அதத்தான் அவரு என் ஸ்டைல்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டிருக்காரு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

5

"அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று..." என்று இந்தப் பகுதியைத் தொடங்கியிருந்தேன். அண்ணி படித்துவிட்டுக் கேட்டார்: "உனக்கு எங்கப்பா பளிச்சுன்னுச்சு? நீ அப்ப வயர்ல சிக்கிட்டு நின்ன."

உண்மைதான்.* கண்டுபிடித்தவர் அண்ணி. அலுத்துப்போய் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பேஸின் தலை, அதாவது கம்பி முறுக்கும் முனை, மர அலமாரியில் அழுந்தியது. சும்மா மீட்டினார். சுரம் நின்றது, போகவே இல்லை. தலையை விலக்கி மீட்டினார். செத்தது. மறுபடி சாய்த்தார். நின்றது.

இனி நான் பிரயோசனப்படும் இடம். ஓர் அளவுகோலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி அழுத்திப் பிடித்துத் தட்டுங்கள். தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும். பேஸின் கழுத்தும் அப்படித்தான் ஆடுகிறது. ஏதோ ஒரு சுரத்தின் துடிப்பு அந்த வேகத்தோடு ஒத்துப்போனால், கம்பியின் பலத்தைக் கழுத்து உறிஞ்சிக்கொள்ளும். கம்பி ஓய்ந்துவிடும். ஏறக்குறைய ஒரே நீளக் கழுத்துகள் என்பதால் ஏறக்குறைய ஒரே இடத்தில் சாவு. அளவுகோலின் நுனியில் ஒரு நாணயத்தை ஒட்டிப் பாருங்கள், ஆட்டம் மெதுவாகும். பேஸின் தலையில் பாரம் ஏற்றினாலும் அதுவே நடக்கும்; அப்போது கழுத்து ஒத்துப்போவது இன்னும் தாழ்ந்த வேறொரு சுரத்தோடு.

மரத்தின் வேலை புரிந்ததா? திருட்டு. ஆன்மா வேறு எங்காவது இருக்கட்டும்.

*வயர் கழுத்தில் அல்ல, காலில்தான் சிக்கியிருந்தது.

6

முடிவுகள்:

அ. தங்கக்காது கேட்டு, தவறை ஒப்புக்கொள்கிறார். எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

ஆ. "நான் வாசிக்கல மாமா, அக்காவே வாசிக்கட்டும்" என்கிறான் மச்சான். நல்ல பையன்தான். ஆனால் அவனுடைய சொந்த அக்கா, தங்கக்காதின் மனைவி, இருக்கிறார், அவர் எப்படிப்பட்டவர் என்று...

இ. பேஸின் தலையில் பாரமாக மாட்டிய இரும்பைப் பார்த்ததும், "இரும்புச் சத்தம் கேக்குது" என்கிறார் தங்கக்காது. மூன்றில் இதைத்தான் நம்பமுடிகிறது. அதனால்தான் எழுத மறுக்கிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பதிவு. அண்ணி தன் பேஸோடு வருவார், மச்சானும் தன்னுடையதோடு வருவான். யார் வாசிக்கிறார்கள் என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

தச்சர் பலகைகளைச் சேர்த்து இறுக்கப் பயன்படுத்தும் சிறிய இரும்பு சி-கிளாம்ப் ஒன்றை, அடியில் துணி மடித்து வைத்து, பேஸின் தலையில் இறுக்கவேண்டும். ஐந்தாவது ஃப்ரெட்டின் சுரம் ஒன்பது விநாடி நிற்கும். சாவு மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நகர்ந்துவிடும். இந்தப் பாட்டில் அந்தச் சுரம் ஓரிடத்திலும் வருவதில்லை.