அரை அண்டா வெந்நீர்

"அந்தத் தண்ணியக் கொட்டாதீங்க" என்று ராபின் கத்தியபோது அண்டா பாதி சாய்ந்துவிட்டிருந்தது. ஒரு வளையத்தை மெர்சியும் மறு வளையத்தைப் பக்கத்து வீட்டுச் சந்திரகலாவும் பிடித்திருந்தார்கள். சாய்த்த கையோடு இருவரும் அப்படியே நின்றார்கள்.

சற்று முன்புதான் அந்த வெந்நீரில் சுகிர்தாவைக் குளிப்பாட்டி, வெள்ளைப் புடவை உடுத்தி, முன்னறையில் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். நாற்பத்தாறு வயது. நேற்று சனிக்கிழமை காலை, சிப்காட்டில் கையுறை தைக்கும் கம்பெனியில், தையல் மிஷின்மீதே சாய்ந்தவள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று மணிக்குப் பாஸ்டர் வருவார், மூன்றரைக்குப் பெட்டியை மூடுவார்கள். இப்போது மணி பன்னிரண்டரை.

செத்தவளைக் குளிப்பாட்டிய தண்ணீரில் மிச்சம் வைக்கக்கூடாது, கொட்டிவிட்டு அண்டாவைக் கவிழ்க்க வேண்டும் என்றாள் மெர்சி. அவள் சுகிர்தாவின் அக்கா. இப்படிப்பட்ட சட்டங்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"அவளுக்கு வச்ச தண்ணிதானக்கா" என்றான் சுகிர்தாவின் புருஷன் ராபின். "அவ வேலைக்குத்தான் ஆவப்போவுது."

நேற்று மாலையிலிருந்து யாரோ இறக்கி வைத்த மூட்டைபோல ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், அழக்கூடச் செய்யாதவன், உள்ளே ஓடினான். பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு சிவப்புப் பொதியை இழுத்துக்கொண்டு வந்தான். விரித்ததும் சந்திரகலாவுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, சுகிர்தாக்காவோட பையி" என்று புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

பை என்று சந்திரகலாதான் சொல்ல வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது கம்பளியில் பின்னிய சாக்கு. இருபத்தைந்து கிலோ அரிசி தாராளமாகப் பிடிக்கும். போனில் எந்த நாட்டுக்காரியோ பேசுகிற வீடியோவைப் பார்த்து, ஒரு வார்த்தை புரியாமலே, மூன்று மாதமாக சுகிர்தா பின்னியது. பெரிதாகத்தான் பின்ன வேண்டுமாம். பிறகு கொதிக்கிற தண்ணீரில் சோப்புப் போட்டு அடித்துத் தேய்த்தால் கம்பளி சுருங்கி, பின்னல் கண்ணெல்லாம் மூடி, கெட்டியான ஹேண்ட்பேக் ஆகிவிடுமாம். நூலைக் கிறிஸ்மஸ் லீவில் வந்த மகன் ஜெகன் கொண்டுவந்தான். இமாச்சலில் சுரங்கப்பாதை வேலை அவனுக்கு. வார் பின்னும்போது நூல் தீர்ந்துபோய், கும்மிடிப்பூண்டி பஜாரில் இரண்டு உருண்டை வாங்கிச் சேர்த்துக்கொண்டாள். அதற்குக் கூடப்போனவள் சந்திரகலா.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிக் கண்ணைப் போட்டு முடித்து அவள் பையைத் தூக்கிக் காட்டியதும், ராபின் அதைப் பிடுங்கி, மழைக்குச் சாக்குக் கொங்காணி போடுகிற மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை கேட்டிருக்கிறேன், மூட்டை தேய்ந்து பையாகிற கதையை இப்போதுதான் கேட்கிறேன் என்றான். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கோபமும் வந்தது.

"யோவ், ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. வெந்நி வச்சிக் காட்றேன். சுருங்கிச்சின்னா இன்னா பண்ற?"

"சுருங்கட்டும். அதத் தோள்ல மாட்டிக்கினு எங்க கம்பெனி கேட்டாண்ட நடக்குறேன்."

"செட்டு ஆளுங்க முன்னாடி?"

"எல்லார் முன்னாடியும்."

சனிக்கிழமை எட்டரை மணி டீயின்போது அந்தப் பந்தயத்தை ரோலிங் மில்லில் தன்னோடு வேலை பார்க்கிற செட்டு ஆட்களிடம் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான் ராபின். அதிகம் சிரித்தவன் ஸ்டீபன். ஒன்பதே காலுக்குப் போன் வந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வெந்நீரும் இருக்கிறது.

மெர்சி அண்டாவைக் கீழே வைத்தாள், ஆனால் வாயை மூடவில்லை. பொணத்தை உள்ளே வைத்துக்கொண்டு துணி துவைக்கிறவனை அவள் பார்த்ததில்லையாம், ஊர் காறித் துப்புமாம். போதாததற்கு, இந்தக் காலத்தில் எந்தக் கம்பளி கம்பளி, எல்லாம் பிளாஸ்டிக் நூல், நாள் முழுக்கத் துவைத்தாலும் சுருங்காது என்றாள். தங்கை போன வயிற்றெரிச்சலில் சொன்னதுதான். ராபினுக்கு அது நெஞ்சில் குத்தியது. பையின் அடியில் தொங்கிய ஒரு நூல்முனையைப் பிய்த்தான். நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் என்றால் உருகி மணியாக உருளும்.

முன்னறைக்குப் போனான். சுகிர்தாவின் தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்தியில் நூலைக் காட்டினான். சுவரோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். நூல் உருகவில்லை. சுருண்டு, கருகி, விரலில் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது. அறை முழுக்க முடி கருகிய நாற்றம்.

"ஆட்டு முடிதான்" என்றான் அவளைப் பார்த்து. அவளிடமா, பாடுகிறவர்களிடமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியபடி வழி விட்டார்கள்.

அவனுக்குத் தோற்க வேண்டும். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் எத்தனையோ பந்தயம் கட்டியிருக்கிறார்கள், இவ்வளவு ஆசையாக எதிலும் அவன் தோற்க நினைத்ததில்லை. பெட்டியை மூடுவதற்குள் தோற்க வேண்டும். அவள் பார்க்க மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்றரை மணி மூன்றரை மணிதான்.

அடுப்பில் இன்னும் இரண்டு விறகைச் சொருகி, சோப்பைச் சீவிப் போட்டு, பையை அண்டாவுக்குள் அமுக்கினான். இருபது வருஷம் சூட்டுக் கம்பியோடு புழங்கிய கை, வெந்நீர் அவனை ஒன்றும் செய்யவில்லை. துவைகல்லில் போட்டு உருட்டினான், தேய்த்தான், பிழிந்தான், மறுபடி அமுக்கினான்.

பத்து நிமிஷம் கழித்துத் தூக்கிப் பார்த்தார்கள். பை பெரிதாகியிருந்தது.

ஊறிய கம்பளி தண்ணீர் பாரத்தில் தரைவரை தொங்கியது. மெர்சி வந்து சாண் போட்டாள். காய்ந்திருந்தபோது மூன்று சாண் அகலம், இப்போது மூன்றரை. "நல்லா சுருங்குது போ" என்றாள். மாலையோடு வந்தவர்கள் மாலையை உள்ளே வைத்துவிட்டுப் பின்பக்கம் வர ஆரம்பித்திருந்தார்கள். ஸ்டீபனும் வந்து கிணற்றோரம் நின்றான். பந்தயம் தெரிந்தவன், தொங்குகிற பையையே பார்த்தான்.

"அக்கா கூட சொன்னாங்கண்ணா" என்றாள் சந்திரகலா மெதுவாக. "மொதல்ல பெருசாவுமாம். அதப் பாத்து உட்டுறக் கூடாதாம்."

ராபின் விடவில்லை. சந்திரகலா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தாள். ஒருவர் உருட்ட ஒருவர் தேய்த்தார்கள். மணி ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது. ஒருமுறை தேய்க்கும்போது ராபினின் உள்ளங்கைக்குக் கீழே பின்னல் கண்கள் வழுக்கிப்போனமாதிரி இருந்தது. அவன் நிறுத்தி, தடவிப் பார்த்தான். விரல் நுழைந்த இடத்தில் இப்போது நகம் நுழையவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சுருங்குவது நின்றுவிடுமோ என்று பயம்.

இரண்டேகாலுக்கு முன்னறையில் அழுகை பெரிதாக எழுந்தது. ஏர்போர்ட்டிலிருந்து ஜெகன் வந்துவிட்டான். அம்மாவின் பக்கத்தில் வெகுநேரம் கிடந்துவிட்டு அப்பாவைத் தேடிப் பின்னால் வந்தவன், சோப்பு நுரையில் முழங்கைவரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். கையில் இருந்ததைப் பார்த்தான். அந்த நூலை அவன் பேரம் பேசி வாங்கியது ஒரு மலை ஊரில், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குந்தினான்.

"இன்னா செய்யணும்ப்பா?"

"பச்சத்தண்ணி எடு. நான் தூக்குறப்ப ஒரேயடியா ஊத்து."

கொதிநீரிலிருந்து ராபின் தூக்க, ஜெகன் ஒரு குடம் பச்சைத் தண்ணீரைக் கவிழ்த்தான். ராபினின் கைக்குள்ளேயே பை வெடுக்கென்று இறுகியது. மறுபடி வெந்நீர், மறுபடி பச்சைத் தண்ணீர். சுற்றி நின்றவர்கள் ஓரடி நெருங்கினார்கள்.

"தள்ளுங்க" என்று வந்தாள் மெர்சி. கல்லில் விரித்துச் சாண் போட்டாள். "ரெண்டேகால்." யாரோ மூச்சு விட்டார்கள். மறுபடி உருட்டினார்கள். ஸ்டீபனும் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு குடத்தைப் பிடித்தான். மெர்சி இப்போது போகவில்லை, பக்கத்திலேயே குந்தி, நேரமாகிறது, நல்லா அழுத்தித் தேயுங்கள் என்று அதட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டு." பாஸ்டர் வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வரட்டும் என்றாள் மெர்சி.

கடைசியாக அவள் கையை வைத்தபோது ஒரு சாண் போக நாலு விரல்கட்டைதான் மிச்சம் இருந்தது. கண் என்று ஒன்று இல்லை. தடிப்பாக, கெட்டியாக, கடையில் தொங்குகிற மாதிரி ஒரு சிவப்பு ஹேண்ட்பேக். வார் மட்டும் பஜார் நூல், துளிகூடச் சுருங்காமல் பாம்பு மாதிரி நீளமாகக் கிடந்தது.

மெர்சி எழுந்தாள். முட்டியில் சேறோடு, ஈரக்கையோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். ஜெபம் ஆரம்பிக்க எழுந்த பாஸ்டரைத் தாண்டிப் பெட்டிமேல் குனிந்தாள்.

"ரெண்டு சாண்கூட இல்லடி சுகி" என்றாள். "ரெண்டு சாண்கூட இல்ல."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். வாசலில் நின்ற ராபினும் அப்போதுதான் அழுதான்.

மூன்றரைக்கு ஜெபம் முடிந்து பெட்டியை மூடினார்கள். தூக்குவதற்கு முன் ராபின் பையை எடுத்து இடது தோளில் மாட்டினான். வார் நீளமாக இருந்ததால் பை முழங்காலில் போய் இடித்தது. அவன் அதைத் தலைவழியாகக் குறுக்கே போட்டுக்கொண்டான், இடுப்பில் சரியாக உட்கார்ந்தது. வெள்ளைச் சட்டையில் ஈரம் பரவியது. கிழவர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெர்சி அவரைப் பார்த்தாள், அவர் துண்டைச் சரி செய்துகொண்டார்.

வலது தோளில் பெட்டியின் முன்பக்கம். பின்னால் ஜெகன். கல்லறைக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. ராபின் அதில் திரும்பாமல் கம்பெனி ரோட்டுக்கே நடந்தான்.

ரோலிங் மில் கேட் எதிரில் இரண்டாம் ஷிப்டு ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். பெட்டியைப் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். பிறகு பையைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவன் ஸ்டீபனிடம் இன்னாடா அது என்று வாயசைத்துக் கேட்டான். ஸ்டீபன் போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

கேட்டைக் கடக்கிறவரை ராபின் நடையைக் குறைத்தே நடந்தான். பை அவன் இடுப்பில் இடித்து இடித்து, ரோட்டுப் புழுதியில் சொட்டு விட்டுக்கொண்டே வந்தது.