நாலு நட்டு

பூங்காவனத்தின் பழைய ஃபியட் கார் பின்கட்டில் அகப்பட்டு நாலு வருஷம் ஆகிறது. அகப்பட வைத்தவர் அவள் வீட்டுக்காரர் சுப்பராயலுதான். இரண்டாயிரத்து மூன்றில் முன்கட்டில் பவர்லூம் போட்டபோது, கார் போக வழி வேண்டுமே என்று முழம் போட்டு அளந்தார் அந்தப் புண்ணியவான். முப்பது வருஷம் கைத்தறியில் உட்கார்ந்தவருக்குத் தறி என்றால் நாலு மரச்சட்டம். பக்கவாட்டில் ஒரு மோட்டார் நீட்டிக்கொண்டு நிற்கும் என்று எங்கே தோன்றும்? தறியைக் காங்கிரீட்டில் இறக்கிய பிறகு பார்த்தால் காருக்கு அரை முழம் இடிக்கிறது. பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர்.

"பாத்துக்கலாம் வுடு," என்றார். மகன் குமரேசனும் அதையேதான் சொன்னான்.

விட்டுவிட அது என்ன ஓட்டை அண்டாவா? தொண்ணூற்று நாலில் மூன்றாவது கையாக வந்த கார். முதல் நாளே கரண்ட் கம்பத்தில் முட்டிவிட்டு சுப்பராயலு இனி ஓட்டுவதில்லை என்று சாவியைப் போட்டுவிட்டார். தெருக்கோடி மெக்கானிக் துரைக்கண்ணுவிடம் பூங்காவனம்தான் ஓட்டப் பழகினாள். டிரைவர் கதவைத் தூக்கி இழுத்தால்தான் மூடும். இடது பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும். புடவை மூட்டையோடு வேலூர் போகும்போது, கண்ணமங்கலம் டீக்கடைக்காரர் அந்தச் சத்தம் கேட்டதுமே அவளுக்குச் சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டுவிடுவார்.

ஒரு தடவை சுப்பராயலுவோடு திருமலை போய்த் திரும்பும்போது அடைமழை. வைப்பர் படுத்துவிட்டது. பட்டு நூலை முறுக்கி வைப்பரில் முடிந்து, இந்த ஜன்னலில் அவள் ஒரு இழு, அந்த ஜன்னலில் அவர் ஒரு இழு. ஆரணியில் வீடு வரும் வரைக்கும் நெய்துகொண்டே வந்தார்கள். அன்றைக்குச் சிரித்த மாதிரி அவள் அப்புறம் சிரிக்கவே இல்லை.

இப்போது மூட்டை குமரேசனின் பைக்கில் போகிறது. "வெயில்ல நீ எதுக்கும்மா?" என்பான். பஸ்ஸில் போகிறேன் என்றால் சுப்பராயலு, "நம்ம வூட்டு பொம்பள பஸ்ல தொங்கிகினு போறதா?" என்பார். கோயில்கூட அவர்கள் கூட்டிப்போனால்தான் உண்டு. மத்தியானத்தில் அவள் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காருவாள். மூச்சு முட்டும். தறிச் சத்தம் மட்டும் கொஞ்சம் குறையும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கலசப்பாக்கத்துப் பழைய இரும்பு வியாபாரி வேடியப்பனைக் குமரேசன் அழைத்து வந்தான்.

"சும்மா எடத்த அடைச்சிகினு கெடக்குதும்மா. இன்னொரு தறி போட்டுடலாம்."

பூங்காவனம் காருக்கு முன்னால் வந்து நின்றாள். "எப்படி வெளிய எடுப்ப? வெட்டப் போறியா?"

"எதுக்கு வெட்டணும்?" குமரேசன் தறியை நிறுத்தினான். ஸ்பேனரை எடுத்தான். நாலு நட்டு. மோட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வழி திறந்துவிட்டது.

"இது எப்பத்துலேந்து தெரியும் உனக்கு?"

"தறி போட்ட அன்னிக்கே தெரியும்மா. அப்பாதான், வயசாவுது, அவ காரெடுத்துகினு ஊர் சுத்துனது போதும், சொல்லாதேன்னாரு."

சுப்பராயலு நின்றுபோன தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பூங்காவனத்துக்கு முதலில் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. தினமும் அந்த மோட்டாரையும் நாலு நட்டையும் துடைத்தவளே அவள்தான். கோபம் அப்புறம் வந்தது, உச்சந்தலை வரைக்கும்.

டயர்களுக்குக் காற்றடித்த வேடியப்பன், "தள்ளிக்கினே போயி லாரில ஏத்திடலாம். ஸ்டியரிங் புடிக்க ஒரு ஆள் வேணுமே," என்றான்.

"நான் உக்கார்றேன்."

கதவைத் தூக்கி இழுத்து மூடினாள். மூன்று பேரும் தள்ள, கார் தறியை உரசாமல் தெருவுக்கு வந்தது. லாரி வலது பக்கம் நின்றது. அவள் இடது பக்கம் ஒடித்தாள். பேட்டரி செத்திருந்ததால் ஹாரன் அடிக்கவில்லை.

"எம்மா, லாரி இந்தப் பக்கம்," என்றான் வேடியப்பன்.

"தெரியும். துரைக்கண்ணு ஷெட்டு அந்தக் கோடியில. தள்ளுங்க."

"பூங்காவனம், சொன்னா கேளு," என்றார் சுப்பராயலு பின்னாலிருந்து. சொன்னாரே தவிர, அவர் கை இன்னும் டிக்கியின் மேல்தான் இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு வீடு தாண்டினால் தெரு இறக்கம். அங்கே அவர்கள் கையெல்லாம் காரை விட்டு நழுவின. கார் நிற்கவில்லை, ஷெட்டைப் பார்த்துத் தானே உருண்டது.